நாஸ்டால்ஜியா என்றொரு வசவு

1

முதலில் என் தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

2019-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஆன்சைட்டில் இருந்தேன். வந்து இரண்டு மாதம் இருக்கும். நகரத்துக்குக் கிழக்கே பிராண்டன் என்ற கிராமத்தில் ஒரு பழைய ஸ்டேடியம் பூட்டிக் கிடப்பதையும், அங்கே வீடு கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருப்பதையும், ‘கட்டவிட மாட்டோம்’ என்று ரசிகர்கள் சிலர் மல்லுக்கட்டுவதையும் உள்ளூர்ப் பேப்பரில் படித்தேன். உடனே கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: “தாத்தாக்கள் பைக் ரேஸ் பார்த்த இடமாம். மூடி மூணு வருஷம் ஆச்சு. வீடு கட்ட விடமாட்டாங்களாம். டிபிக்கல் நாஸ்டால்ஜியா.” பதினோரு பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வார்த்தைக்கு எதிரானது. நாஸ்டால்ஜியா. தமிழில் ‘ஏக்கம்’ என்போம், ‘பழம்பெருமை’ என்போம், கொஞ்சம் படித்திருந்தால் ‘நனவிடை தோய்தல்’ என்போம். எதைச் சொன்னாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான். எதிரே பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சை விவாதத்திலிருந்து எடுத்து, அவருடைய மனநிலைக் கணக்கில் எழுதிவிடுகிறது. ‘இந்த இடத்தில் இது நடந்தது’ என்று அவர் சொல்கிறார். ‘உங்களுக்கு வயசாகிடுச்சு’ என்று நாம் பதில் சொல்கிறோம். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று பார்க்கும் வேலை நமக்கு மிச்சம்.

2

ஸ்பீட்வே என்றால் என்னவென்று தெரியாமல்தான் அந்தச் செய்தியை அனுப்பினேன். உங்களில் பலருக்கும் தெரியாது என்பதால் சுருக்கமாக.

நீள்வட்டமான குட்டிப் பாதை. பிராண்டனில் ஒரு சுற்று சுமார் 300 மீட்டர். தார் கிடையாது, ஷேல் என்கிற உதிரியான பொடிக்கல் மண். நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இதற்கு ஹீட் என்று பெயர். வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும். ஒரே கியர். பிரேக் கிடையாது. அச்சுப்பிழை இல்லை, நிஜமாகவே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளியே வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்பு அடி போட்ட இடது பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். முதலாவது வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்கு சைபர்.

ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஆட்டம் இது. பிரிட்டனில் இதன் பிறந்தநாளாக ரசிகர்கள் கொண்டாடுவது 1928 பிப்ரவரி 19. லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டில், ஒரு மதுக்கடைக்குப் பின்னால் இருந்த ஹை பீச் பாதையில் அன்று நடந்த பந்தயத்துக்கு, நடத்தியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து மொய்த்தது. அதே 1928-ல் பிராண்டனிலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1936-ல் முதல் உலகச் சாம்பியன் போட்டி வெம்பிளி ஸ்டேடியத்தில் நடந்தது. போர் முடிந்த கையோடு வந்த சில வருஷங்களில் கால்பந்துக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்த்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று. கவென்ட்ரி அணியின் பெயர் பீஸ், தேனீக்கள். நைஜல் பூகாக், டென்மார்க்கிலிருந்து வந்து மூன்று முறை உலகச் சாம்பியனான ஓலே ஓல்சன், கடைசிக் காலத்தில் கிறிஸ் ஹாரிஸ் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் அங்கே ஒரு நாயகன் இருந்தான்.

2016 சீசனோடு பிராண்டனில் எல்லாம் நின்றது. ‘கூட்டம் வரல, அதனால மூடிட்டாங்க’ என்று நான் நினைத்தேன். மூடிய அந்த வருஷம்கூடத் தேனீக்கள் பிரிட்டனின் முதல் தர லீகில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீட்வேயின் கூட்டம் பழைய அளவில் இல்லை என்பது நிஜம். ஆனால் பிராண்டன் பூட்டப்பட்டது கூட்டத்தால் அல்ல, நிலத்தால். இந்த ஆட்டம் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தது. சொந்த மண் வைத்திருந்த கிளப்புகள் குறைவு. நாய்ப் பந்தயம் நடத்துபவரிடமோ வேறொரு ஸ்டேடிய உரிமையாளரிடமோ ஒண்டிக்கொண்டு வாரம் ஒரு மாலை ஓட்டினார்கள். மண்ணுக்கு விலை ஏறியபோது, குடியிருப்பவரைக் காலி பண்ணச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

3

என் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் பேச்சுவாக்கில் பிராண்டன் பற்றிக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டார்.

மாடியறையில் ஒரு சுவர் முழுக்க ப்ரோகிராம் புத்தகங்கள். போட்டியன்று வாசலில் விற்கும் சின்னப் புத்தகம் அது. அதில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு கட்டம். நான்கு ஓட்டுநர் பெயர், ஹெல்மெட் நிறம், பக்கத்தில் காலியிடம். ரசிகர்கள் வளைவோரத்தில் நின்றுகொண்டே அந்தக் காலியிடத்தைப் பென்சிலால் நிரப்புவார்கள். யாருக்கு எத்தனை புள்ளி, ஜெயித்தவரின் நேரம், மாற்று ஆள் வந்தாரா, மொத்தம் எவ்வளவு. விழுந்தால் ‘எஃப்’. நடுவர் நீக்கினால் ‘எக்ஸ்’. இந்தப் பழக்கம் இல்லாத ஸ்பீட்வே ரசிகரைப் பார்ப்பது கஷ்டம். மழையில் நனைந்து காய்ந்த பக்கங்கள், மண் தெறித்த கறை, அப்பாவின் கையெழுத்தில் தொடங்கி ஏதோ ஒரு வருஷத்திலிருந்து மகனின் கையெழுத்தாக மாறும் புத்தகங்கள். எல்லாம் அந்தச் சுவரில் இருந்தன.

“என்ன வேலை பார்க்கிறாய்?” என்றார்.

“டேட்டா மைக்ரேஷன். பழைய சிஸ்டத்திலிருந்து புது சிஸ்டத்துக்குத் தகவலை மாத்தறது.”

“அப்போ உனக்குப் புரியும்” என்று எழுபதுகளின் ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். “கூட்டிப் பார்.”

ஒரு ஹீட்டுக்கு ஆறு புள்ளி. அந்தக் காலத்தில் ஒரு லீக் போட்டிக்கு 13 ஹீட். இரண்டு அணிக்கும் சேர்த்து 78 வர வேண்டும். அந்தப் புத்தகத்தில் 39-38 என்று இருந்தது. கூட்டினால் 77. ஒன்று உதைக்கிறது.

“கூட்டல்ல தப்பு” என்றேன்.

“இல்லை. ஒன்பதாவது ஹீட்டைப் பார்.”

அந்தக் கட்டத்தில் ஒரு பெயருக்கு எதிரே ‘எக்ஸ்’. இன்னொன்றுக்கு எஞ்சின் நின்றதன் குறி. முதல் ஓட்டத்தில் ஒருவர் விழுந்ததால் நிறுத்தியிருக்கிறார்கள், அவரை நீக்கிவிட்டு மற்ற மூவரை மறுபடி ஓட்டவிட்டிருக்கிறார்கள், அதில் ஒரு வண்டி நின்றுவிட்டது. இரண்டு பேர்தான் கோட்டைத் தாண்டினார்கள். ஐந்து புள்ளி. ‘எக்ஸ்’ பக்கத்தில் சின்ன எழுத்தில்: ‘ஆம்புலன்ஸ், 12 நிமிஷம்.’

“அந்தப் பையன் அதுக்கப்புறம் ஓட்டலை” என்றார் பெரியவர். புத்தகத்தை வாங்கி அதே இடத்தில் சொருகினார்.

எங்கள் தொழிலில் இதை செக்சம் என்போம். இடம் மாறும்போது தகவல் கெட்டுப்போனதா என்று பார்க்க ஒரு கூட்டுத்தொகை வைத்திருப்போம். தொகை உதைத்தால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. அந்த மனிதரின் சுவரில் நாற்பது, ஐம்பது வருஷத்துக்குக் கூட்டுத்தொகையோடு கூடிய பதிவு இருக்கிறது. கணக்கு குறைகிற இடத்தில் ஒரு விபத்து இருக்கிறது. இதைத்தான் நான் நாஸ்டால்ஜியா என்று எழுதி பதினோரு சிரிப்பு வாங்கினேன்.

4

எதிர்த்தரப்பு வாதங்கள் எனக்கும் தெரியும். அவற்றை ஒரு காலத்தில் நானே சொன்னவன் என்பதால் நன்றாகவே தெரியும்.

‘ஜனங்களுக்கு வீடு வேண்டாமா?’ வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுத் தட்டுப்பாடு நிஜம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. வீடு கட்ட ஏன் எப்போதும் இப்படிப்பட்ட இடமே அகப்படுகிறது? பதில் எளிது. அங்கே நிற்பவர்கள் உரிமையாளர்கள் இல்லை, அவர்கள் சொல்வதற்கு ‘உணர்ச்சி’ என்று பெயர் வைத்துவிடலாம். விம்பிள்டனின் ப்ளவ் லேன் ஸ்டேடியத்தில் ஸ்பீட்வே 2005-ல் முடிந்தது. இன்று அங்கே கால்பந்து மைதானமும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன. மான்செஸ்டரில் புகழ்பெற்ற ஹைட் ரோடு பாதை 1987-ல் முடிந்து, கார்களை ஏலம் விடும் இடமானது. 2023-ல் மட்டும் பீட்டர்பரோவிலும் உல்வர்ஹாம்ப்டனிலும் கடைசி ஹீட் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்வார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் வாடகைக் கதைதான்.

‘அது ஆபத்தான ஆட்டம்.’ ஆமாம். 2015-ல் போலந்தில் டார்சி வார்டு என்ற ஆஸ்திரேலிய இளைஞர் விழுந்து முதுகுத்தண்டு உடைந்து நடக்க முடியாமல் போனார். அதைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களும் இதே ரசிகர்கள்தான். ஏக்கம் பிடித்தவன் ஆம்புலன்ஸ் வந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள மாட்டான்.

‘உரிமையாளருக்கு உரிமை இல்லையா?’ இருக்கிறது. ஆனால் வரம்போடு. விளையாட்டு இடத்தில் வேறு எதையாவது கட்ட வேண்டுமென்றால், சில விலக்குகள் தவிர, அந்த இடம் இனி யாருக்கும் தேவையில்லை என்று தெளிவாகக் காட்ட வேண்டும், அல்லது அதற்கு ஈடான, மேலான மாற்று இடம் தர வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை. இங்கேதான் ரசிகரின் நினைவு ஆல்பத்தை விட்டு வெளியே வந்து சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. ‘தேவையில்லை’ என்று ஒரு கம்பெனி சொல்லும்போது, ‘எங்களுக்குத் தேவையாக இருந்தது, இத்தனை வருஷம், இத்தனை மாலை, நான் எழுதி வைத்திருக்கிறேன்’ என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

சொன்னார்கள். அமைப்பாகத் திரண்டார்கள். 124 வீடுகளும் ஒரு செயற்கைப் புல் மைதானமும் கட்டும் திட்டத்தை ரக்பி நகராட்சிக் கவுன்சில் 2022 நவம்பரில் நிராகரித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-ன் இறுதியில் அதுவும் தள்ளுபடியானது. தள்ளுபடி ஆனதால் மறுநாளே வண்டி ஓடிவிடவில்லை. இடைப்பட்ட வருஷங்களில் அந்த ஸ்டேடியத்தைச் சூறையாடினார்கள், தீ வைத்தார்கள், கூரை போயிற்று. ஆனால் ‘இந்த இடம் யாருக்கும் வேண்டாம்’ என்ற வாக்கியம் ஆவணத்தில் ஏறாமல் போனது. அதைத் தடுத்ததில் பென்சில் பிடித்த கைகளுக்கும் பங்கு உண்டு.

ரசிகர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ‘எங்க காலத்துல ஓட்டினாங்களே, அதுதான் ஓட்டம்’ என்று ஆரம்பிக்கும் ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்கும் கொட்டாவி வரும். தேதி இல்லாத, பெயர் இல்லாத, தோல்வியே இல்லாத நினைவு நில வியாபாரிக்கு ரொம்ப வசதி. அதை ஒரு கல்வெட்டில் பொறித்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே வீட்டை விற்றுவிடலாம்.

இது கற்பனை இல்லை. கிழக்கு லண்டனில் வெஸ்ட் ஹாம் ஸ்டேடியம் 1972-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் எழுந்த குடியிருப்பின் தெருக்களுக்கு அங்கே வண்டி ஓட்டியவர்கள், ஆட்டத்தை நடத்தியவர்களின் பெயர்களையே வைத்தார்கள். அட்கின்சன் சாலை, க்ரூம்ஸ் சாலை, யங் சாலை, ஹாஸ்கின்ஸ் க்ளோஸ். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் பார்க்காததா? ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடிக்கு ‘லேக் வியூ’, தோப்பை வெட்டிய இடத்துக்கு ‘மேங்கோ கார்டன்’. கொன்றவனே திதியும் கொடுத்துவிடுகிறான். பெயர் மட்டும் மிஞ்சுகிற நினைவை எல்லாரும் தாராளமாக அனுமதிப்பார்கள். கணக்கு கேட்கிற நினைவைத்தான் ‘நாஸ்டால்ஜியா’ என்று திட்டுவார்கள்.

5

அந்தக் கோடையில் பெரியவர் என்னை லெஸ்டருக்குக் கூட்டிப்போனார். கவென்ட்ரிக்குப் பக்கத்தில் இன்னும் வண்டி ஓடும் ஊர் அது. பிராண்டன் போன பிறகு தேனீக்களே ஒரு சீசன் அங்கே போய்த்தான் ஓட்டினார்கள். வளைவோரத்தில் நிற்கவைத்து, “டீயை மூடிக்கோ” என்றார். ஏன் என்று கேட்பதற்குள் நான்கு வண்டிகள் வளைந்து போயின. டீயில் மண்.

அப்புறம் ஒரு வாசனை. எனக்குச் சட்டென்று பாட்டியின் சமையற்கட்டு அலமாரி ஞாபகத்துக்கு வந்தது. விளக்கெண்ணெய்! எரிந்த விளக்கெண்ணெய். பெரியவரிடம் கேட்டேன். மெத்தனால் எஞ்சினுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் சேரும், சாதாரண மினரல் ஆயில் மெத்தனாலோடு கலக்காது என்றார். கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததாம். ஸ்பீட்வே ரசிகர் யாரைக் கேட்டாலும் முதலில் இந்த வாசனையைத்தான் சொல்வார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பாவுக்குப் போன் பண்ணினேன். சென்னையில் நள்ளிரவு தாண்டியிருக்கும், ஆனால் அவர் தூங்காத ஆள். அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

“விளக்கெண்ணெய் வாசனையா? சோழவரத்துலயும் அதேதான்டா” என்றார்.

“சோழவரத்துல என்னப்பா?”

“ரேஸு. ஏர்ஸ்டிரிப்புல. பிப்ரவரி மாசம் வந்தா போயிடுவோம். சத்தம் முதல்ல வரும், வண்டி அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும்.”

பஸ் வந்துவிட்டது. “அப்புறம் பேசறேம்ப்பா” என்றேன்.

2021-ல் அப்பா போய்விட்டார். நடுவில் எத்தனையோ முறை பேசினோம். ஈ.பி. பில், சுகர் மாத்திரை, தடுப்பூசி எல்லாம் பேசினோம். சோழவரம் பேசவில்லை.

சோழவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை. பிற்பாடு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. மோட்டார் சைக்கிளும் காரும் ஓடின. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் புதுப்பாதை வந்ததும் சோழவரத்தில் சத்தம் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்பது கிளப்பிடம் இருக்கும், அன்றைய நாளிதழ்களில் இருக்கும். கோப்பை வாங்கியவர்களின் போட்டோவும் இருக்கும். ஆனால் கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டம்? அம்பத்தூர் பட்டறையிலிருந்து பஸ் மாறிப் போனவர்கள் என்ன பார்த்தார்கள், யார் விழுந்ததைப் பார்த்தார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள், பட்டறைக்குத் திரும்பி வந்து பார்த்த எஞ்சினைப் பற்றி என்ன பேசினார்கள்? என்னிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். சத்தம் முதல்ல வரும். எந்த வருஷம் என்றுகூடத் தெரியாது. இதில் கூட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

6

எனவே இந்தச் சண்டையில் கடைசிக் குத்து நமக்குத்தான்.

தமிழில் நினைவு எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நானே எழுதியிருக்கிறேன். மூடிய தியேட்டர், இடித்த பஸ் ஸ்டாண்ட், காணாமல்போன கரும்பலகை. ‘ஒரு காலத்தில்’ என்று தொடங்கி, கண் கலங்கி, ‘இன்று அங்கே ஒரு மால் நிற்கிறது’ என்று முடிப்போம். நூறு பேர் ஹார்ட் போடுவார்கள். அந்தத் தியேட்டரில் டிக்கெட் என்ன விலை, இடம் யாருடையது, யாருக்கு விற்றார்கள், டிக்கெட் கிழித்தவர் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்டால் பதில் இருக்காது. நம் நினைவுக் கட்டுரைகளை வைத்து ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்ற முடியாது. நில வியாபாரிகள் நம்மைப் பார்த்துப் பயப்படாததில் ஆச்சரியமே இல்லை.

எழுத்தாளர்கள் கேலி செய்யும் விளையாட்டு ரசிகன் இந்த விஷயத்தில் நம்மைவிட எவ்வளவோ மேல். நேரத்தை விநாடியில் குறிக்கிறான். தன் அணி தோற்றதையும் அதே பென்சிலால் எழுதுகிறான். அவன் எழுதியதை இன்னொரு ரசிகனின் புத்தகத்தோடு ஒப்பிடலாம். தப்பு இருந்தால் தெரிந்துவிடும். தப்பென்று நிரூபிக்க முடிகிற நினைவுக்குத்தான் சாட்சி சொல்லும் தகுதி உண்டு. ஹை பீச் பாதை மறைந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் வருஷாவருஷம் பிப்ரவரியில் அந்தக் காட்டில் போய்க் கூடுகிறார்கள் ஸ்பீட்வே பைத்தியங்கள். முன்பென்றால் அதையும் கேலி செய்திருப்பேன். இப்போது அவர்கள் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அப்பாவோ, அத்தையோ, மாமாவோ. கபடி மேட்ச் பார்த்தவர், மில் கிரவுண்டில் வாலிபால் ஆடியவர், சோழவரத்துக்கே போனவர். போன் பண்ணி ‘அந்தக் காலம் எப்படி இருந்துச்சு’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஏக்கம்தான் பதிலாக வரும். எந்த வருஷம், எந்த பஸ், டிக்கெட் எவ்வளவு, கூட யார் வந்தது, யார் விழுந்தது, யார் தோற்றது என்று கேளுங்கள். தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பஸ் வந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த பஸ் வரும்.

அந்த வாட்ஸப் குழு இன்னும் இருக்கிறது. நான் அனுப்பிய செய்தியும் பதினோரு சிரிப்பும் அப்படியே இருக்கின்றன. அழிக்கவில்லை. என் பெயருக்கு எதிரே ஒரு ‘எக்ஸ்’ இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.